துலாவைத் தெரியாத ஏஐயும் ஒரு ஜாம் போத்தல் விளக்கும்

அம்மம்மாவின் கதை ஒன்றை ஏஐயை வைத்துக் குறும்படமாக எடுக்கத் தொடங்கினேன். முதல் ஷொட்டை அவருக்குக் காட்டின உடனே கேட்டது, “உது தென்னையெல்லே பிள்ளை?”

நான் கேட்டது பனை. பால்மைரா பாம் என்று எழுதி, விசிறி மாதிரி ஓலை, கறுத்த நேரான மரம் என்று விளக்கமும் கொடுத்திருந்தேன். வந்ததோ கடற்கரையில் சாய்ந்து நிற்கிற தென்னை. கிணறு அதைவிட மோசம், வட்டக் கல்லுக்கட்டு, மேலே சின்ன ஓட்டுக் கூரை, உருளையில் தொங்குகிற மர வாளி. யாழ்ப்பாணத்தில், எங்கள் உரும்பிராயில் எந்த வளவுக்குள் போய்ப் பார்த்தாலும் அப்படி ஒரு கிணறு கிடையாது. துலா என்பது கிணற்றில் தண்ணி இறைக்கிற நீண்ட ஏற்ற மரம், அதன் மேலே ஆள் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். அதை எத்தனை விதமாக விளக்கினாலும் பார்க்கில் பிள்ளைகள் ஆடுகிற சீசோ பலகை மாதிரி ஒன்றைத்தான் தந்தது.

நான் எடுக்க நினைத்தது அம்மம்மா அடிக்கடி சொல்லுகிற ஒரு விடியற்காலை. 1990இல் கரண்ட் நின்று, பெற்றோல் வராமல், மண்ணெண்ணெய் பொன் விலைக்கு விற்ற காலம். தண்ணி இறைக்கிற மிஷின் ஓடாததால், கழற்றிப் போட்டிருந்த துலாவைத் திரும்பப் பூட்டி, மாமா மேலே நடந்து மிதிக்க, அம்மம்மா கீழே நின்று தண்ணி அள்ளி வருகிற பட்டையைக் கவிழ்த்து வெங்காயத்துக்குத் தண்ணி கட்டியிருக்கிறார். இரவில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோவில் செய்தி கேட்பார்களாம். மொத்தம் 2 நிமிடம் 40 செக்கன், 31 ஷொட்.

காசுக் கணக்கை முதலே சொல்லிவிடுகிறேன். வீடியோ செய்கிற சேவைக்கு மாதம் 15 டொலர், இரண்டு மாதம் கட்டினேன், ஏறத்தாழ 9,000 ரூபா. கொலரில் குத்துகிற மைக் ஒன்று 1,800. மற்றதெல்லாம் இலவசம்: படம் கீற கிரிட்டா, சத்தத்துக்கு ஒடாசிட்டி, வெட்டி ஒட்ட டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. அதில் வோட்டர்மார்க் விழாது, எங்களுக்குத் தேவையான அளவுக்கு மேலேயே செய்யும்.

முதல் மாதக் காசு வீண். எழுதிக் கொடுத்தால் வீடியோ வரும் என்று நம்பி நேரே இறங்கிவிட்டேன். கட்டின காசுக்கு அந்தச் சேவை தந்த ஒரு மாதக் கிரெடிட்டில் 5 செக்கன் கிளிப் 25 அளவில் எடுக்க முடிந்தது, நாலு நாளில் எல்லாம் முடிந்தது, பாவிக்கக்கூடியதாக வந்தது இரண்டே இரண்டு. ஒவ்வொரு கிளிப்பிலும் அம்மம்மாவின் முகம் வேறு, சேலை வேறு.

பிறகு ஒழுங்கை மாற்றினேன். முதலில் குரல். கார்ட்டூன் செய்கிறவர்கள் பலர் காலங்காலமாகக் குரலை முதலில் பதிந்துவிட்டுத்தான் கீறுவார்கள், அதற்குக் காரணம் இருக்கிறது, குரல் கையில் இருந்தால் எந்த ஷொட் எத்தனை செக்கன் என்று தானாகத் தெரிந்துவிடும். கொம்பியூட்டர் குரலில் தமிழ் கேட்டுப் பார்த்தேன், செய்தி வாசிக்கிற மாதிரி “கிணற்றின் அருகே” என்றது. அம்மம்மா சொல்லுவது “கிணத்தடியிலை”. அதனால் இரவு ஒன்பதுக்குப் பிறகு, கோயில் ஸ்பீக்கர் ஓய்ந்தபின், போர்வையைக் கொடியில் தொங்கவிட்டு அவரைக் கதைக்கவிட்டேன். கொஞ்சக் குரல் இருந்தால் போதும், மிச்சத்தை ஏஐயே பேசிவிடும் என்று நண்பன் ஒருவன் சொன்னான். எனக்கு மனம் வரவில்லை. அவர் சொல்லாததை அவர் குரலில் நான் சொல்லவைக்கக் கூடாது.

குரலுக்கு ஏற்ற மாதிரி 31 ஷொட்டையும் பென்சிலால் கொப்பியில் கிறுக்கி, போனில் படமெடுத்து, ரிசால்வில் அடுக்கிப் பார்த்தேன். அப்போதுதான் விளங்கியது, 18 ஷொட்டில் ஆள் அசையவே தேவையில்லை. வேலி, முற்றம், பனங்காணி, விளக்கு, கை. இவற்றுக்கு ஒரு படமே போதும். பனையை ஒரு லேயர், வானத்தை ஒரு லேயர் என்று கிரிட்டாவில் பிரித்து, முன்னுக்கு இருப்பதைக் கொஞ்சம் வேகமாகவும் பின்னுக்கு இருப்பதை மெதுவாகவும் நகர்த்தினால் கமரா போகிற மாதிரியே இருக்கும், கிரெடிட் ஒன்றும் போகாது.

படங்களைத் தம்பி கேம் விளையாடுகிற கொம்பியூட்டரில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்கிற, படம் செய்கிற ஏஐயில் செய்தேன். 8 ஜிபி கிராஃபிக் கார்ட் போதுமாக இருந்தது. எழுத்தை நம்பாமல், நானே எடுத்த போட்டோவைக் கொடுத்து, 0.4 அளவில்தான் மாற்ற விட்டேன் (0 என்றால் மாற்றமே இல்லை, 1 என்றால் முழுக்கப் புதுப் படம்). அதற்கு மேலே போனால் பனை திரும்பத் தென்னையாகிவிடுகிறது.

அந்தக் காலத்தில் வீட்டில் எரித்த ஜாம் போத்தல் விளக்கையும் அப்படித்தான் பிடித்தேன். ஏஐ எனக்குத் தந்தது கண்ணாடிச் சிமினி வைத்த வெள்ளைக்கார வீட்டு லாந்தர், வடிவுதான், ஆனால் அந்த வீட்டில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை. அம்மம்மாவே ஒரு பழைய ஜாம் போத்தலைக் கழுவி, அடியில் பஞ்சு வைத்து, மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டு, திரியைக் கம்பியில் பிடித்துக் கொளுத்தினார். “கனக்க விடாதை, பஞ்சு நனைஞ்சால் காணும்.” சுடர் சுண்டுவிரல் நகத்தளவு. கண்ணாடியில் மேல்பக்கம் மட்டும் கரி படிகிறது, வெளிச்சம் மேசையில் ஒரு சாண் வட்டத்துக்கு மேல் போகவில்லை. அந்தச் சாண் வெளிச்சத்தில்தான் அம்மா ஓஎல் (சாதாரண தரச்) சோதனைக்குப் படித்திருக்கிறார். போனில் எடுத்த அந்தப் போட்டோவை வைத்துச் செய்த ஷொட்தான் படத்திலேயே எனக்குப் பிடித்தது.

இரண்டாம் மாதத்தில் 25 கிளிப்பில் 11 தேறியது. முகமும் சேலையும் மாறாமல் இருக்க ஒவ்வொரு முறையும் ஒரே படத்தில் இருந்துதான் தொடங்கினேன். இன்னொன்று, வந்த கிளிப்புகளைச் செக்கனுக்கு 24 பிரேமாக விடாமல் 12 ஆகக் குறைத்தேன். கையால் கீறுகிறவர்களும் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு வைப்பார்கள். வழுக்கிக்கொண்டு போகிற அந்த ஏஐ அசைவு அதில் நல்லாய் அடங்கிவிடும்.

போன ஞாயிறு சுவரில் வெள்ளைச் சேலை கட்டிப் போட்டுக் காட்டினேன். அம்மம்மா ஒரு சொல்லும் சொல்லாமல் பார்த்தார். திரும்பப் போடச் சொன்னார். இரண்டாம் முறை மாமா துலா மிதிக்கிற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். “அவன் கிணத்துப் பக்கம் நடந்தால் பட்டை கீழயெல்லே போகும். உதிலை மேல வருது.”

சரியாகச் சொன்னார். கிணற்றுக்கு மற்றப் பக்கம், துலாவின் அடிப்பக்கம் நடந்தால்தான் பாரம் அங்கே போய்ப் பட்டை மேலே வரும். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

இன்னொரு 15 டொலர் கட்ட மனமில்லை, அந்த ஷொட்டைக் கையால் கீறப் போகிறேன். நேற்றுப் பின்னேரம் வளவில் விழுந்து கிடக்கிற பனங்குற்றியில் தம்பியை நடக்கவிட்டுப் போனில் எடுத்தேன். அம்மம்மா கதிரை போட்டு இருந்து கத்திக்கொண்டே இருந்தார், “கையைத் தொங்கப்போடாதை, மேல பிடி, அங்கை மூங்கில் கட்டியிருந்தது.”