முதுகுல ஊசி, மயக்க மருந்து, அப்புறம் அந்த நோட்டு

லுக்கீமியாங்கிற ரத்தப் புற்றுநோய்க்கு கீமோன்னா எல்லாரும் ட்ரிப்ஸ்ல ஏத்துறதத்தான் நினைக்கிறாங்க. அதுல ஏஎல்எல்ங்கிற வகை வந்த குழந்தைங்களுக்கு முதுகுத்தண்டுலயும் மெத்தோட்ரெக்ஸேட்ங்கிற கீமோ மருந்து போடணும், ஏன்னா நரம்புல ஏத்துற பல மருந்து மூளைப்பக்கம் சரியா போய்ச்சேராது. ஆரம்பத்துல அடிக்கடி, மெயின்டனன்ஸ்ங்கிற கடைசிக் கட்டம் வந்தப்புறம் எங்க பொண்ணுக்கு மூணு மாசத்துக்கு ஒருதடவை, நடுவுல எலும்பு மஜ்ஜை எடுத்துப் பாக்குற போன் மேரோ டெஸ்ட் வேற. ஒவ்வொரு தடவையும் மயக்க மருந்து.

நாலு பேரு அமுக்கிப் புடிச்சா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும், இதுக்கெதுக்கு மயக்கம்னு கேக்குறவங்க இன்னும் இருக்காங்க, கேட்டாலே எனக்கு வயிறு எரியும். குழந்தை துள்ளினா ஊசி ரத்தக்குழாய்ல பட்டு தண்டுவட நீர்ல ரத்தம் கலந்துடலாம். அதுவும் முதல் ஊசியப்ப, ரத்தத்துல கேன்சர் செல் ஓடிட்டிருக்கிற நேரத்துல அப்படி ஆச்சுன்னா மூளைப்பக்கம் நோய் திரும்புற ஆபத்து கூடுது, அமெரிக்காவுல இருக்கிற செயின்ட் ஜூட் குழந்தைங்க ஆஸ்பத்திரி டாக்டருங்க 2000-லயே இத எழுதியிருக்காங்க. குழந்தை அசையாம இருக்கிறதும் ட்ரீட்மென்ட்தான்.

மயக்க மருந்தோட அளவு எடையப் பொறுத்தது. கெட்டமின்ங்கிற மருந்து நரம்புல போட்டா பொதுவா கிலோவுக்கு 1-லேர்ந்து 2 மில்லிகிராம், தூக்கம் வரவைக்கிற மிடாசோலம் 0.05-லேர்ந்து 0.1 மில்லிகிராம். ஆனா ஸ்டீராய்டு ஓடுற மாசத்துல எங்க பொண்ணு உப்பிப்போயிட்டா, அடுத்த கட்டத்துல வாய்ப்புண் வந்து இளைச்சு எலும்பும் தோலுமா ஆயிட்டா, அதனால ஃபைல்ல இருக்கிற பழைய எடைய நம்பாதீங்க, அன்னிக்குக் காலையிலயே எடை போடச் சொல்லுங்க.

எடை மட்டும் பத்தாது. சில குழந்தைங்களுக்கு மிடாசோலம் தலைகீழா வேலை செய்யும், தூங்காம கத்தி அடிச்சு ஆர்ப்பாட்டம் பண்ணும். எங்க வீட்ல அதுதான் நடந்துச்சு, மருந்து பத்தலன்னு நினைச்சு இன்னும் கொஞ்சம் போட்டாங்க, இன்னும் மோசமாச்சு. அடுத்த தடவை வேற டாக்டர், அவங்களுக்கு இது எதுவும் தெரியாது. அன்னிலேர்ந்து ஒரு நோட்டு வச்சிருக்கேன், என்ன மருந்து, எவ்ளோ, எப்ப தூங்கினா, எப்ப முழிச்சா, வாந்தி வந்துச்சா, எல்லாம் தேதி போட்டு. அனஸ்தீசியா டாக்டர் வந்ததும் முதல்ல அதக் காட்டிடுவேன், அவங்களும் சந்தோஷமா வாங்கிப் படிக்கிறாங்க. இப்ப அவளுக்கு கொஞ்சம் ஃபென்டனில்ங்கிற வலி மருந்து, கூட ப்ரோபோஃபால், பால் மாதிரி வெள்ளையா இருக்குமே அது. ப்ரோபோஃபால் தூங்க மட்டும்தான் வைக்கும், வலிய எடுக்காது, அதனாலதான் கூட ஃபென்டனில். ஒரு மணி நேரம் முன்னாடியே முதுகுல மரத்துப்போற க்ரீம் தடவிட்டா இன்னும் நல்லது, வலி கொறஞ்சா மயக்க மருந்தும் கம்மியா போதும்.

அதே நோட்டுல வேற என்ன மருந்து ஓடுதுன்னும் எழுதுங்க. பூஞ்சைத் தொத்துக்குக் குடுக்கிற வோரிகோனசோல், ஃப்ளூகோனசோல் மாதிரி மருந்து மிடாசோலத்த உடம்புலேர்ந்து சீக்கிரம் வெளியேற விடாது, குழந்தை ரொம்ப நேரம் மயக்கத்துலயே கிடக்கும்.

நிறைய அம்மாக்கள் கேக்குறது, திரும்பத் திரும்பக் குடுத்தா மூளை பாதிக்காதா, கொறைக்கச் சொல்லட்டுமான்னு. பயம் நியாயம்தான். 3 வயசுக்குக் கீழ அடிக்கடியோ 3 மணி நேரத்துக்கு மேலயோ மயக்க மருந்து குடுக்கிறதப் பத்தி அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2016-ல எச்சரிக்கை விட்டாங்க. ஆனா அதுக்காக அரைகுறையா மயக்கி வலியில துடிக்க விடுறது தீர்வு இல்லங்க. போன் மேரோவும் முதுகு ஊசியும் ஒரே நாள்ல வருதா, ஒரே மயக்கத்துல முடிக்க முடியுமான்னு கேளுங்க, எங்களுக்கு ரெண்டு மூணு மயக்கம் அப்படியே மிச்சமாச்சு.

அப்புறம் அந்த வெறும் வயிறு. சாப்பாடு 6 மணி நேரம் முன்னாடியும் தண்ணி 2 மணி நேரம் முன்னாடியும் நிறுத்தணும்கிறதுதான் வழக்கம், ஆனா ராத்திரியோட எல்லாத்தையும் நிறுத்திட்டு மத்தியானம் கூப்புடுற இடம் நிறைய, ஸ்டீராய்டு பசியில அழுற புள்ளைக்கு அது கொடுமை. சின்னக் குழந்தைங்கள லிஸ்ட்ல முதல்ல போடச் சொல்லி முந்தின நாளே சிஸ்டர்கிட்ட கேளுங்க, தண்ணி எத்தனை மணி வரைக்கும் குடுக்கலாம்னும் நேரம் கேட்டு வாங்கிக்கோங்க. சளி, இருமல், லேசா காய்ச்சல் இருந்தா மறைக்காம சொல்லிடுங்க, தேதி தள்ளிப்போனாலும் பரவால்ல.