ஆழம் காட்டாத ஆழமானி

எங்கள் சிறிய பாய்மரப் படகில் முந்தைய உரிமையாளர் பொருத்தியிருந்த ஆழமானி, கரையோரம் ஒழுங்காக வேலை செய்யும். கொஞ்சம் ஆழத்துக்குப் போனால் கடைசியாகக் காட்டிய எண்ணே மினுக்கிக்கொண்டு நிற்கும். அடித்தரையின் எதிரொலி கிடைக்கவில்லை என்று அர்த்தம். பினாங்குப் பாலத்தின் பக்கம் மிடில் பேங்க் கடற்புல் திட்டு இருக்கிறது. வற்றத்தில் அங்கே இந்த எண்ணை நம்பிப் போக முடியாது.

கடையில் கேட்டால் புது டிரான்ஸ்டியூசர் (ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் பகுதி) வாங்கச் சொன்னார்கள். பட்டர்வொர்த்தில் எஞ்சின் வேலை பார்க்கும் அண்ணன்தான் தடுத்தார்: “தம்பி, காசை வீணாக்காதே. முதல்ல அதைக் கழட்டித் தண்ணியில தொங்கவிட்டுப் பாரு.”

எங்களுடையது படகின் உட்புறத்தில் ஒட்டியிருப்பது. ஃபைபரை ஊடுருவித்தான் ஒலி போக வேண்டும். எஞ்சினை நிறுத்திப் பார்த்தோம், மாற்றமில்லை. ஆகவே எஞ்சினின் மின் இரைச்சல் காரணமில்லை. ஒட்டியிருந்த சிலிக்கோன் பசையைக் கத்தியால் அறுத்து டிரான்ஸ்டியூசரை எடுத்து, படகின் ஓரமாக, முகம் கீழே பார்க்கும்படி தண்ணீருக்குள் பிடித்தேன். உடனே எண் வந்தது! ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி அளந்தோம், இரண்டும் ஒத்துப்போயின. அப்போ கருவியும் கேபிளும் சரி, கோளாறு ஒட்டிய இடத்தில்தான்.

அறுத்த சிலிக்கோனைத் திருப்பிப் பார்த்தால், ஆப்பத்தில் இருப்பதுபோல் ஓட்டை ஓட்டையாக இருந்தது. கடல்நீரில் நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் போகும் ஒலி, காற்றுக் குமிழைச் சந்தித்தால் பெரும்பாலும் அங்கேயே திரும்பிவிடும். ஆழம் கூடக் கூட மிச்சமிருக்கும் எதிரொலியும் போதாமல் போகிறது.

ஒட்டுவதற்கு முன் இடத்தைச் சோதிக்க நல்ல வழி ஒன்று உண்டு. மெல்லிய பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் தண்ணீர் நிரப்பி, ஈரமான ஃபைபர்மேல் வைத்து, டிரான்ஸ்டியூசரை அதன்மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். பழைய இடத்திலிருந்து சற்று முன்னால் வைத்தபோது எதிரொலியே இல்லை. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டினால் மந்தமான சத்தம். ஃபைபருக்கு உள்ளே லேசான பால்சா மரம் வைத்த பகுதி அது, அங்கே ஒலி செத்துவிடும். படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கீலுக்குப் பக்கத்தில் ஃபைபர் கெட்டியாக இருந்தது, எண்ணும் நிலையாக வந்தது.

அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, எப்பாக்ஸி பசை போட்டோம். நம் ஊர் வெயிலில் எப்பாக்ஸி சீக்கிரம் இறுகிவிடும், ஆகவே காலையிலேயே கொஞ்சமாகக் கலந்துகொள்வது நல்லது. வேகமாகக் கலக்கினால் குமிழ் சேரும். டிரான்ஸ்டியூசரை லேசாகத் திருகியபடி அழுத்தினால் காற்று ஓரமாக வெளியேறிவிடும்.

அப்புறம் ஆஃப்செட், அதாவது கருவி அளக்கும் ஆழத்தோடு கூட்டிக்கொள்ளும் திருத்த எண். எங்கள் டிரான்ஸ்டியூசர் நீர்மட்டத்துக்கு 0.3 மீட்டர் கீழே, கீலின் அடி 1.2 மீட்டர் கீழே. அதனால் மைனஸ் 0.9 கொடுத்தோம். இப்போது திரையில் தெரிவது கீலுக்கு அடியில் மிச்சமிருக்கும் தண்ணீர்.