அந்த 8 கிழமைக் கணக்கு

மகளுக்கு 10 மாதம், நிறுவை 6.5 கிலோ. கிளினிக்கில் நிறுத்தவர் கொப்பியில் பென்சிலால் புள்ளி வைத்தார். அது வளர்ச்சிக் கோட்டுக்குக் கீழே விழுந்தது. "இன்னும் தனிய இருக்கவில்லையோ? பிள்ளைக்கு என்னதான் குடுக்கிறீங்கள்?" என்று வாங்கிலில் இருந்த எல்லாருக்கும் கேட்கக் கேட்டார். சோறு, பருப்பு, முட்டை, கிளினிக்கில் தருகிற சத்துமா திரிபோஷா என்று சொன்னேன். "திரிபோஷாவை வீட்டில பெரியாக்கள் சாப்பிடுறியள் போல" என்றார். அந்தச் சொல் இன்னும் சுடுகிறது.

மகள் வயிற்றில் 32ஆம் கிழமையிலேயே, குறைமாதத்தில் பிறந்துவிட்டவள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாயிற்று. பெரியாஸ்பத்திரிக்கு ஒரு துண்டு மட்டும் கையில் கிடைத்தது.

நாங்கள் இருப்பது முல்லைத்தீவுப் பக்கம், ஒட்டுசுட்டானில் இருந்து இன்னும் உள்ளுக்கு. விடியப்புறம் வெளிக்கிட்டு, மோட்டார் சைக்கிளில் றோட்டுக்கு வந்து, பஸ் பிடித்துப் போய் வரிசையில் நின்றால், "பிறந்த நேரம் தந்த டயக்னோசிஸ் கார்ட் எங்க?" என்று கேட்டார்கள். எனக்கு அது நினைவிலேயே இல்லை. அடுத்த கிழமை வரச் சொல்லிவிட்டார்கள். அந்த நாள் வீண். குறைமாதப் பிள்ளை என்றால் அந்தக் கார்டைப் படியெடுத்து, கிளினிக் கொப்பிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

கார்ட் அம்மா வீட்டில், காணிப் பெர்மிட்டோடு ஒரே பையில் கிடந்தது. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் இருந்து முக்கியமான கடுதாசி எல்லாம் அம்மாவுக்கு அந்தப் பைதான்.

இரண்டாம் முறை டாக்டர் கார்டைப் பார்த்ததும், "நிறைமாதம் 40 கிழமை, அதில் 32 போனால் எத்தனை?" என்று என்னையே கேட்டார். 8 கிழமை. வளர்ச்சியைப் பார்க்கும்போது மகள் 8 மாதப் பிள்ளை. அந்த இடத்தில் வேறு புள்ளி வைத்தார். அது கோட்டுக்கு மேலே நின்றது! தனிய இருப்பதற்கு 9 மாதம் தாண்டும் வரைகூடச் சில பிள்ளைகள் எடுக்குமாம். 2 வயது வரை இப்படிக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் தடுப்பூசிக்கு இந்தக் கழித்தல் கிடையாது, பிறந்த திகதிதான் கணக்கு. நல்லகாலம், எம்எம்ஆர் 9 மாதத்திலேயே போட்டிருந்தோம்.

கால் விறைப்பாக இருக்கிறதா, இரண்டு கையையும் நீட்டுகிறாளா என்றும் பார்த்தார். ஒரு வயதுக்கு முன்னமே ஒரு கையை மட்டும் பாவிக்கிற பிள்ளையைக் காத்திராமல் காட்ட வேண்டுமாம். இரும்புச்சத்துத் துளிகள் தொடரட்டும் என்றார். மச்சான் ஆசையாய் வாங்கி வந்த வோக்கரைப் பற்றிச் சொன்னேன், நன்றாக ஏச்சு வாங்கினேன். அது நடையைப் பிந்தப்பண்ணும், கனடாவில் 2004இலேயே விற்கத் தடை, பிள்ளையைப் பாயில் விடுங்கோ என்றார். வோக்கர் இப்போது கோழிக்கூட்டுக்கு மேலே.

அடுத்த கிளினிக்கில் அதே ஆள். டாக்டர் "8 கிழமை கழிக்கவும்" என்று சிவப்புப் பேனையால் எழுதிய பக்கத்தை விரித்தே நீட்டினேன். வாசித்தார். என்னிடம் ஒன்றும் கதைக்கவில்லை. பக்கத்து மேசைக்குத் திரும்பி, அழிறப்பர் இருக்கா என்று கேட்டார்.