நீலம் வராத பாதி

ஹாட்லிக் கல்லூரியில் உயர்தரம் படித்தபோது எங்களுக்குத் தாவரவியல் செய்முறை எடுத்த ஆசிரியர் ஒரு விடயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டார். இரண்டு நாள் இருட்டில் வைத்த செவ்வரத்தையில் ஓர் இலையின் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி வெயிலில் விடுவோம். பிறகு அவித்து, மதுசாரத்தில் பச்சையம் நீக்கி, அயடீன் விட்டால் வெளிச்சம் பட்ட பாதி கருநீலமாகும். நாங்கள் அதைத்தான் கொப்பியில் அழகாகக் கீறுவோம். சேர் வந்து மற்றப் பாதியில் விரலை வைப்பார். "இது இல்லாட்டி அது ஒண்டுமில்லை. ரெண்டையும் கீறு."

இந்தச் சிறப்பு மலருக்கு என் தொழிலைப் பற்றி எழுதக் கேட்டார்கள். இங்கிலாந்தில் கதிர்ச் சிகிச்சையும் கீமோவும் கொடுக்கும் புற்றுநோய் வைத்தியன் நான். எங்கள் துறையில் ஒருவர் பொதுவாக ஒன்றிரண்டு உறுப்புகளை எடுத்துக்கொள்வார். எனக்கு அமைந்தவை மார்பகமும் மூளையும். சேர் கீறச் சொன்ன அந்த மற்றப் பாதியை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான பக்கத்தை, தேடித்தான் என் ஆராய்ச்சிக் காலம் முழுவதும் போயிருக்கிறது.

இந்தத் துறைக்கு வந்ததன் காரணம் யாழ்ப்பாணம். மருத்துவ பீடத்தில் நான் படித்த யுத்த காலத்தில் கதிர்ச் சிகிச்சை என்றால் கொழும்புக்கு அருகிலுள்ள மஹரகமைப் புற்றுநோய் மருத்துவமனைக்குத்தான் போகவேண்டும். இரவில் கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்து, வவுனியா போய், அங்கிருந்து கொழும்பு. அந்தப் பாதையில் போகத் துணியாமல் வீட்டிலேயே இருந்துவிட்ட பெண்கள், கட்டி உடைந்து புண்ணான பிறகு வாட்டுக்கு வந்தார்கள். நாங்கள் மருந்து கட்டினோம். அதற்கு மேல் செய்ய எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

இங்கே வந்து மார்பகப் புற்றுநோய்க் கிளினிக்கில் இருந்தபோது எனக்கு முதலில் வியப்பாக இருந்தது தமொக்சிஃபென் என்ற மருந்து. 1962இல் செஷயரில் ஐசிஐ நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் கருத்தடை மருந்து தேடிய வேலையில் பிறந்தது அது. கருத்தடைக்கு உதவவில்லை. 1971இல் மான்செஸ்ரர் கிறிஸ்ரி மருத்துவமனை மார்பகப் புற்றுநோயில் அதைச் சோதித்த முடிவை வெளியிட்டது. ஹோர்மோன் ஏற்பி உள்ள, அதாவது ஹோர்மோனால் தூண்டப்பட்டு வளரும் கட்டிகளில் ஐந்து வருடம் இந்தக் குளிசையை எடுத்தால், அந்தக் காலத்துக்குள் நோய் திரும்பும் ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது. 2005இல் ஹெர்செப்ரின் என்ற மருந்தும் ஹெர்-2 என்ற புரதம் மிகையாக உள்ள வகைக்கு அதே அளவு நன்மையைக் காட்டியது. இவை எல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கச் சம்மதித்த ஆயிரக்கணக்கான பெண்களால் வந்தவை.

எங்கள் மருத்துவமனையும் பங்கெடுத்த ஓர் ஆய்வைச் சொல்லவேண்டும். முன்பு ஐந்து வாரம் கொடுத்த கதிர்ச் சிகிச்சை, பிறகு மூன்று வாரத்தில் 15 தடவை என்றானது. அதை ஒரே வாரத்தில் ஐந்து தடவையாக்கலாமா என்று கேட்டது ஃபாஸ்ற் ஃபோர்வேர்ட் என்ற அந்த ஆய்வு. 97 மருத்துவமனைகள், 4096 பேர். சேர்க்கும் வேலை லேசானதல்ல. "குறைத்துத் தருகிறீர்களோ?" என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. சேர்ந்தவர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தோம். முடிவு 2020 ஏப்ரலில் வந்தது: மொத்தம் 26 கிரே அளவு கதிரை ஐந்து தடவையில் கொடுத்தாலும் நோய் கூடுதலாகத் திரும்பவில்லை. கொவிட் உச்சத்தில் இருந்த அந்த வாரங்களில், 15 நாள் மருத்துவமனைக்கு வரவேண்டிய பெண்களை ஐந்து நாளில் வீட்டுக்கு அனுப்பினோம். என் வைத்திய வாழ்க்கையில் நான் மிகவும் பெருமைப்படுவது அதற்காகத்தான்.

மூளைப் பக்கம் வேறு கதை. கிளையோபிளாஸ்ரோமா என்ற கட்டிக்கு எல்லை கிடையாது. வேர் ஓடுவதுபோல நல்ல மூளைக்குள் ஓடியிருக்கும். வெட்டி எடுத்தாலும் பெரும்பாலும் அந்த இடத்தை ஒட்டியே திரும்பி வரும். இரத்தத்தில் போகும் மருந்துகளில் பெரும்பாலானவற்றை மூளையின் தடுப்பு உள்ளே விடாது. உள்ளே போகும் ரெமசோலமைட்டை பேர்மிங்ஹாம் அஸ்ரன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். 2005இல் வந்த ஆய்வில் அதைக் கதிர்ச் சிகிச்சையோடு சேர்த்தபோது பாதிப்பேராவது உயிரோடிருந்த காலம் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமானது. இரண்டு வருடம் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்திலிருந்து 26 ஆனார்கள். இன்றும் அடிப்படைச் சிகிச்சை அதுவே.

அந்தக் கிளினிக்கில் எனக்குக் கடினமான நேரம் ஸ்ரெரொயிட் கொடுத்த மூன்றாம் நாள். குழறிய பேச்சு தெளியும், இழுபட்ட கால் நடக்கும். "தம்பி, மனுசன் சுகமாகிட்டார்" என்று மனைவி கையைப் பிடிப்பார். வடிந்தது வீக்கம் மட்டும்தான், கட்டி அங்கேயே இருக்கிறது என்று நான் அவருக்குத் தமிழில் சொல்லவேண்டும். இதை அவசரமாகச் சொல்லக்கூடாது. கதிரையை இழுத்துப்போட்டு அருகில் இருந்துதான் சொல்லலாம்.

பிவசிசுமாப் என்ற மருந்தை இந்தக் கட்டிக்கு எவ்வளவோ எதிர்பார்த்தோம். 2014இல் இரண்டு பெரிய ஆய்வுகளும் அது ஆயுளைக் கூட்டவில்லை என்றன. அந்த முடிவையும் நான் மதிக்கிறேன். உதவாத மருந்தின் பக்கவிளைவுகளிலிருந்து பின்னால் வந்தவர்களைக் காப்பாற்றியது அது.

மார்பகப் புற்று மூளைக்குப் பரவும்போது என் இரண்டு கிளினிக்கும் ஒன்றாகின்றன. அப்படிப் பரவியவர்களைப் பெரும்பாலான மருந்து ஆய்வுகள் நெடுங்காலம் வெளியே நிறுத்தின. ருகாற்றினிப் என்ற மருந்தின் ஆய்வு அவர்களையும் சேர்த்தது, பங்கேற்றவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் அவர்கள்தான். ஹெர்-2 வகையில் அவர்களுக்கும் ஆயுள் கூடியது. கதவைத் திறந்ததால்தான் அது தெரியவந்தது.

இதனால்தான் எங்கள் ஆட்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆய்வில் சேரலாமா என்று கேட்டால் "எங்களைச் சோதனை எலியாக்கப் பார்க்கினமோ" என்று எழும்பிப் போய்விடுகிறார்கள். இப்படியான ஆய்வுகளில் ஒப்பீட்டுப் பக்கத்துக்கு விழுந்தாலும் இன்று இருக்கும் வழமையான சிகிச்சை கிடைக்கும். காரணம் சொல்லாமலே எந்த நேரமும் விலகலாம். சேர முன்னர் கேட்கவேண்டியவை: எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள், எனக்குக் கூடுதலாக என்ன பரிசோதனை, எத்தனை தடவை வரவேண்டும்.

அப்புறம், இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு. 50 வயதிலிருந்து 71 வரை பெண்களுக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மமோகிராம் என்ற மார்பக எக்ஸ்றேக்குக் கடிதம் வரும். அம்மாவுக்கோ மனைவிக்கோ வந்த கடிதம் ஆங்கிலத்தில் இருப்பதால் மேசையிலேயே கிடக்கலாம். எடுத்து வாசித்துச் சொல்லுங்கள், அன்றைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கட்டி ஒன்று கைக்குத் தட்டுப்பட்டால் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே ஜீபீயிடம், அதாவது குடும்ப வைத்தியரிடம் போகவேண்டும்.