அப்பாவும் 87 வாக்குச்சீட்டுகளும்

அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரின் அரச இறுதிச் சடங்கு 2025 ஜனவரி 9ஆம் திகதி நடந்தது. வொஷிங்டனில் காலை, வெள்ளவத்தையில் இரவு. அப்பா இடியப்பத் தட்டை மடியில் வைத்தபடி தொலைக்காட்சியிலிருந்து கண்ணெடுக்கவில்லை. அவருக்குக் கார்ட்டரைப் பிடித்தது நோபல் பரிசுக்காக அல்ல, ஒரு வாக்குப்பெட்டிக்காக.

1962இல் ஜோர்ஜியா மாநில செனட்டுக்கு நின்ற நிலக்கடலை வியாபாரி கார்ட்டர் முதலில் தோற்றார். குவிட்மன் என்ற சிறு கவுண்டியில் (மாவட்டம் போன்றது) உள்ளூர் அரசியல்வாதி ஜோ ஹேர்ஸ்ட் வைத்ததுதான் சட்டம். மறைவிடம் கிடையாது, அவர் கண்முன்னே சீட்டில் அடையாளமிட வேண்டும். வாக்களித்தவர்கள் 333 பேர், பெட்டியில் இருந்த சீட்டுகள் 420. இறந்தவர்களும் வாக்களித்திருந்தார்கள், அதுவும் அகரவரிசையில். கார்ட்டர் நீதிமன்றம் போனார், அந்தப் பெட்டி செல்லாமல் போனது, அவர் வென்றார்.

"87 கூட!" என்பார் அப்பா, தன் சட்டைப்பையில் யாரோ கைவிட்டதுபோல. அதற்குக் காரணம் உண்டு. 1977 ஜூலையில் அவருக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு வாக்குச்சாவடிக் கடமை. மாலையில் வாக்குச்சீட்டுக் கணக்கு எழுதும்போது ஒன்று குறைந்தது. ஒன்றே ஒன்று. வாசலில் பஸ் காத்துநிற்க, பொலிஸ்காரர் கொட்டாவி விட, அப்பா அடிக்கட்டைகளை மூன்று முறை எண்ணினார். கடைசியில் பழுதான சீட்டொன்று மையொற்றுத் தாளின் அடியில் ஒட்டிக்கிடந்தது. அந்த நிம்மதியில் அரக்கை உருக்கியபோது சுட்ட தழும்பு இன்னும் பெருவிரலில் இருக்கிறது.

எனக்கோ கார்ட்டரின் இரண்டாம் கதைதான் நெருடல். 1966இல் ஆளுநர் பதவிக்கு முயன்று கட்சி வேட்பாளரைத் தெரியும் உள்வாக்கெடுப்பிலேயே மூன்றாவதாக வந்தார். கடைசியில் ஆளுநரானவர் லெஸ்டர் மடொக்ஸ், தன் உணவகத்துக்கு வந்த கறுப்பினத்தவரைத் துப்பாக்கி காட்டி விரட்டியவர். கார்ட்டர் பாடம் படித்துக்கொண்டார். 1970இல் முன்னாள் ஆளுநர் கார்ல் சாண்டர்ஸை எதிர்த்து, இனப்பிரிப்பை விரும்பிய வெள்ளையரின் காதுக்கு இதமாகப் பேசினார். கறுப்பின கூடைப்பந்து வீரர்களோடு சாண்டர்ஸ் நிற்கும் படமொன்று ஊரெல்லாம் சுற்றியது. விரல் நீண்டது கார்ட்டரின் ஆட்களை நோக்கித்தான்.

வென்றார். 1971 ஜனவரி 12ஆம் திகதி பதவியேற்ற மேடையிலேயே, இனப் பாகுபாட்டின் காலம் முடிந்துவிட்டது என்றார். வாக்களித்தவர்களில் எத்தனை பேருக்கு முகம் கறுத்திருக்கும்! 1974இல் மாநிலச் சட்டசபைக் கட்டடத்தில் மார்ட்டின் லூதர் கிங்கின் படத்தை மாட்டவும் செய்தார். அப்போது ஜோர்ஜியாவில் ஆளுநர் தொடர்ந்து இரண்டாம் முறை நிற்க முடியாது. இழக்க எதுவுமில்லாத துணிச்சலா, உள்ளத்திலிருந்து வந்ததா, எனக்குப் பிடிபடவில்லை.

(நம் ஊரில் ஆளுநர் என்றால் ஜனாதிபதி நியமிப்பவர். வடக்கில் மாகாண சபைக்கு 2013இல் வாக்களித்தோம், 2018இல் அதன் காலம் முடிந்தது, அதன்பின் ஆளுநர்தான் எல்லாம். ஓர் ஆளுநர் வாக்குக் கேட்டு வீடு வீடாக நடந்தார் என்பதே இங்கே கதைபோல இருக்கிறது.)

தேர்தலுக்கு முன் நமக்கு இனிக்கப் பேசி, வென்றபின் கசந்தவர்களைத்தான் எனக்குத் தெரியும். இது தலைகீழ். ஆனாலும் ஏமாற்றப்பட்டவர்கள் யார் என்பது மட்டுமே மாறுகிறது. இதை அப்பாவிடம் சொன்னேன்.

"1970இல் சீட்டுக் கணக்கு சரியாக இருந்ததா?"

"அதில் ஒருவரும் குறை சொல்லவில்லை, அப்பா."

"பிறகென்ன?" என்று சொதிக்குக் கை நீட்டினார். ஆறிப்போயிருந்தது. சூடாக்கி வரக் குசினிக்குப் போனேன். அங்கிருந்தபடியே, "கணக்கு மட்டும் போதுமா?" என்று கேட்டேன். தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.