ஸ்கேன் படிவத்தில் ஒரு கேள்வி

மச்சானுக்கு முதுகுவலி. மனைவியின் அண்ணன், நீடாமங்கலத்தில் எங்களோடுதான் இருக்கிறார். 2008இல் இலங்கையில், வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்று விடுதலைப் புலிகள் சண்டைக்குப் பிடித்துப்போனபோது போனவர், 2009 மே மாதம் சரணடைந்து வவுனியாப் பக்கம் புனர்வாழ்வு முகாமில் ஒன்றரை வருடம் இருந்தார். அப்படி இருந்தவர்கள் கிட்டத்தட்ட 12,000 பேர்.

வெளியே விடும்போது ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். தொல்லையே அதுதான். ஆளை விட்டாச்சு என்று சொல்லும் தாளே இவர் யாராக இருந்தார் என்றும் சொல்லிவிடுகிறது, அங்கே வேலைக்குப் போனால் கேட்பார்கள், காட்டினால் வேலை கிடையாது. வீட்டுக்கு விசாரிக்க வந்துகொண்டே இருந்ததில் அக்கம்பக்கமும் பேச்சைக் குறைத்துக்கொண்டது. சிலருக்கு வேறு கோபம், எங்கள் பிள்ளையைப் பிடித்துப்போனது உங்கள் ஆட்கள்தானே என்று. அதற்கு இவரால் என்ன சொல்ல முடியும்?

இங்கே இந்தியாவில் புலிகளுக்கு 1992லிருந்து தடை, அதனால் பேச்சே எடுப்பதில்லை. குறுவை நாற்று விடுவதற்கு முன்னால் ஊரில் பாதிப் பம்புசெட் மோட்டார் இவர் கையில்தான். எங்கே கற்றீர்கள் என்றால் ‘வவுனியாவில’ என்பார், பொய்யில்லை.

சரி, ஸ்கேனுக்கு வருகிறேன். தஞ்சாவூரில் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனோம். படிவத்தில் ‘உடலில் உலோகம் உள்ளதா’ என்று கேள்வி. பேனாவை வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

“எழுதுங்கோ மச்சான், ஷெல் துண்டு எண்டு.”

எழுதினேன். வாங்கிப் படித்த பையன் நிமிர்ந்து, “வெடி விபத்தாண்ணே?” என்றான். “ஓம், அப்படித்தான்.” நல்லவேளை மறைக்கவில்லை, ஏனென்றால் அந்தக் காந்தம் உள்ளே இருக்கும் இரும்பை நகர்த்திவிடலாம், சுடவும் செய்யலாம் என்று டாக்டர் சொல்லி முதலில் எக்ஸ்ரே எடுக்க வைத்தார். முதுகெலும்புக்குப் பக்கத்தில் மூன்று வெள்ளைப் புள்ளிகள், ஒன்று நெல்மணி அளவு. எம்.ஆர்.ஐ. வேண்டாம், சி.டி. எடுக்கலாம் என்றார். எக்ஸ்ரேயை முதலிலேயே எடுத்துக்கொண்டு போயிருந்தால் ஒரு நாள் அலைச்சல் மிச்சம்.

ராத்திரி மாமியார் அந்த ஃபிலிமை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து எண்ணினார்.

“நாலெண்டல்லோ சொன்னனீ?”

“மற்றது காலுக்குள்ள அம்மா.”