6.51 சதுர மீட்டர்: எச்.எம்.ஓ. லைசென்ஸுக்கு முன் அறையை அளப்பது

இங்கிலாந்தில் ஒரே குடும்பமாக இல்லாத ஐந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் சமையலறை, குளியலறையைப் பகிர்ந்துகொண்டு வாடகைக்கு இருந்தால், அந்த வீட்டுக்கு எச்.எம்.ஓ. (House in Multiple Occupation, பலர் பகிர்ந்து வாழும் வீடு) லைசென்ஸ் கட்டாயம். அதைத் தருவது கவுன்சில், அதாவது உள்ளாட்சி மன்றம். முன்பு மூன்று தளமாவது இருக்கும் வீடுகளுக்குத்தான் இந்தக் கட்டாயம் இருந்தது. 2018 அக்டோபர் 1 அன்று அந்த வரம்பு போனது, சாதாரண இரண்டு தள வீடுகளும் உள்ளே வந்தன. அன்றே படுக்கையறையின் குறைந்தபட்ச அளவும் லைசென்ஸின் கட்டாய நிபந்தனையானது. பத்து வயதைத் தாண்டிய ஒருவருக்கு 6.51 சதுர மீட்டர். அப்படி இருவருக்கு 10.22. பத்து வயதுக்குட்பட்ட ஒரு குழந்தைக்கு 4.64. அதற்கும் கீழே உள்ள அறையில் யாரும் படுக்கக் கூடாது, அப்படி ஓர் அறை வீட்டில் இருப்பதைக் கவுன்சிலுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். இந்த விசித்திரமான தசமங்கள் 1985 வீட்டுவசதிச் சட்டத்தின் நெரிசல் கணக்கிலிருந்து வந்தவை: 70, 110, 50 சதுர அடி.

விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கும் முன்பே அறைகளை அளந்துவிட வேண்டும். பலர் இதைக் கடைசியில் செய்கிறார்கள். இன்னும் சிலர் ஏஜென்ட் தந்த வரைபடத்தை அப்படியே இணைத்துவிடுகிறார்கள். அந்த வரைபடங்களில் அளவு பெரும்பாலும் 0.1 மீட்டருக்கு முழுமையாக்கப்பட்டிருக்கும். போதாததற்கு, அலமாரிக் குழிவரை நீண்ட மிக அகலமான இடத்தைத்தான் எடுத்திருப்பார்கள். சென்டிமீட்டரில் வெற்றி தோல்வி முடிவாகும் கணக்குக்கு அது உதவாது. 2.40க்கு 2.70 என்றால் 6.48, தோல்வி. 2.40க்கு 2.72 என்றால் 6.53, தேறிவிடும். இருவர் அறையிலும் இதே கதைதான்: 3.00க்கு 3.40 என்றால் 10.20. இரண்டே புள்ளியில் ஒரு தம்பதிக்குக் கொடுக்க முடியாத அறையாகிவிடும்.

லேசர் அளவுகோலைத் தரைக்குப் பக்கத்தில், பூச்சு முடிந்த சுவரிலிருந்து எதிர்ச்சுவர்வரை பிடியுங்கள். பழைய வீடுகளில் சுவர்கள் நேராக இருக்காது. ஒவ்வொரு திசையிலும் மூன்று இடங்களில் அளந்து, எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அறை செவ்வகமாக இல்லாவிட்டால் துண்டுதுண்டாகப் பிரித்துக் கூட்டுங்கள். இணைந்த குளியலறை தனி அறை, அதன் பரப்பு சேராது. சுவரோடு சேர்ந்த அலமாரி, கதவைத் திறந்ததும் வரும் குறுகிய நடைபாதைத் துண்டு ஆகியவற்றைச் சேர்ப்பதா கழிப்பதா என்பது கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறுபடும். அவர்களுடைய எச்.எம்.ஓ. தர அறிக்கையைத் தரவிறக்கிப் பார்த்துவிட்டே கணக்குப் போடுங்கள்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய டெரஸ் வீடுகளில் அடிக்கடி கவிழ்ப்பது புகைபோக்கி மார்பு, அதாவது அறைக்குள் துருத்தி நிற்கும் புகைபோக்கியின் செங்கல் பகுதி. 2.90க்கு 2.40 என்றால் 6.96, நிம்மதியாகத் தெரியும். 1.40 அகலமும் 0.35 ஆழமுமான புகைபோக்கி நடுவில் நின்றால் 0.49 போய்விடும், மிச்சம் 6.47. அதை இடிப்பது கட்டமைப்பு வேலை. மேலே எஞ்சும் செங்கலைத் தாங்க ஏற்பாடு வேண்டும், பக்கத்து வீட்டுக்காரருடன் பொதுச்சுவர் நடைமுறையும் இருக்கிறது. 0.04 சதுர மீட்டருக்காக யாரும் அதில் இறங்குவதில்லை.

1930களின் செமி வீடுகளில் (ஒரு சுவரைப் பகிரும் இரட்டை வீடுகள்) பாக்ஸ் ரூம் எனப்படும் முன்பக்கத்துச் சின்ன அறைதான் தலைவலி. கீழே படிக்கட்டு ஏறும் இடத்தில் தலை இடிக்காமலிருக்க, மேலே அறைக்குள் ஒரு பெட்டி எழும்பியிருக்கும். 2.30க்கு 2.10 அறை 4.83 என்று வந்தாலும், 0.90க்கு 0.70 பெட்டியைக் கழித்தால் 4.20. அதாவது குழந்தைக்குக்கூட ஆகாது. பெட்டியின்மேல் பலகை போட்டுக் கட்டில் அமைத்துவிட்டு “இடம் இருக்கிறதே” என்பவர்கள் உண்டு. கட்டில் வசதியாகவே இருக்கலாம். ஆனால் விதி கேட்பது தரைப் பரப்பை.

சரிவுக் கூரைக்கு அடியில் அமைத்த லாஃப்ட் அறைக்குத் தனிக் கணக்கு. கூரை உயரம் 1.5 மீட்டருக்குக் குறைவான பகுதி பரப்பில் சேராது. 3.20 அகலம், 3.60 நீளம், தரையில் 11.52 சதுர மீட்டர் உள்ள அறையை எடுத்துக்கொள்வோம். இரு பக்கமும் 0.90 உயரச் சிறுசுவர், அதற்கு மேல் 40 பாகை சரிவு. சுவரிலிருந்து ஏறத்தாழ 0.72 மீட்டர் உள்ளே வந்தால்தான் உயரம் 1.5 ஆகும். இரு பக்கமும் கழித்தால் அகலம் 1.76, பரப்பு 6.34. பெரிய அறை என்று காட்டியது ஒருவருக்கும் போதவில்லை! 1.5 மீட்டர் நீளக் கழி ஒன்றை நிமிர்த்திப் பிடித்து, அது கூரையைத் தொடும் இடங்களைத் தரையில் மாஸ்கிங் டேப்பால் குறித்துவிட்டால் இன்ஸ்பெக்டர் வரும்போது வாக்குவாதமே இருக்காது.

6.51 என்பது அடித்தளம்தான். கவுன்சில் அதைவிடக் கூடுதலாகக் கேட்கலாம், பல கவுன்சில்கள் கேட்கின்றன. பொது உட்காரும் அறை இல்லாவிட்டாலோ படுக்கையறைக்குள்ளேயே சமையல் இருந்தாலோ எண் மேலும் ஏறும். கவுன்சிலின் சொந்த எண்ணோடு வாதாட இடமுண்டு, சட்டத்தின் எண்ணோடு இல்லை. நாட்டிங்ஹாம் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். அங்கே கவுன்சில் கேட்டது 8 சதுர மீட்டர், மாணவர் வீடுகளின் மேல்மாடி அறைகள் எட்டவில்லை. ஆண்டுக்குப் பத்து மாதம் மட்டும், முழுநேர மாணவர்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு அந்த அறைகளை அனுமதிக்கலாம் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டில் நல்ல பொது இடம் இருப்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்றது. ஆனால் 6.51க்குக் கீழே போய்விட்டால், வரவேற்பறை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை.

அறை கொஞ்சம் குறைகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது நடுத்தடுப்பு. மரச்சட்டத் தடுப்பாக இருந்து, பாரம் தாங்காததாக இருந்தால் பக்கத்து அறைப் பக்கம் சில சென்டிமீட்டர் நகர்த்தலாம். அந்த அறையின் கணக்கையும் அதே நாளில் போட்டுப் பாருங்கள், ஒன்றைத் தேற்றப்போய் இன்னொன்றைக் கவிழ்த்தவர்கள் இருக்கிறார்கள். தீத்தடுப்புக்கும் ஒலித்தடுப்புக்கும் புதுச் சுவரின் தடிமன் கூடும், அதையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும். வெப்பக்காப்புப் பலகை இன்னொரு பொறி. மேலே சொன்ன 2.40க்கு 2.72 அறையின் வெளிச்சுவரில் 60 மில்லிமீட்டர் ஏறினால் 2.66 ஆகும், பரப்பு 6.38. குளிரைத் தடுத்த வேலை அறையையே இழக்க வைத்துவிடும். எனவே முதலில் காப்பு, பிறகு அளவு, அதன் பிறகே லைசென்ஸ்.

விண்ணப்பத்துக்குப் பின்னான நடைமுறை சுருக்கமானது. அடமானக் கடன் கொடுத்தவருக்கும் ஃப்ரீஹோல்டருக்கும் (நிலத்தின் முழு உரிமையாளர்) விண்ணப்பித்ததைத் தெரிவிக்க வேண்டும். கவுன்சில் வரைவு லைசென்ஸ் அனுப்பும், பதில் சொல்ல குறைந்தது 14 நாள் தரும். ஒவ்வோர் அறைக்கும் எத்தனை பேர் என்று எழுதியிருக்கும் பக்கத்தை உங்கள் அளவுகளோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். தவறிருந்தால் வரைபடத்தோடு அப்போதே எழுதுங்கள். இறுதி லைசென்ஸ் வந்துவிட்டால் 28 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும்.

அளவு போதாத அறையில் ஏற்கெனவே ஆள் இருந்தால், விதி வந்த பிறகான முதல் லைசென்ஸின்போது கவுன்சில் 18 மாதம்வரை அவகாசம் தரும். புதுப்பிக்கும்போது அந்தச் சலுகை இல்லை. அவகாசம் உண்டு என்பதால் குடியிருப்பவரை நினைத்தபடி வெளியேற்றலாம் என்று பொருளில்லை: முறையான நோட்டீஸ், தேவைப்பட்டால் நீதிமன்ற உத்தரவு. பூட்டை மாற்றி வெளியே தள்ளுவது 1977 வெளியேற்றப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நிபந்தனையை மீறினால் வழக்கு வரலாம், அல்லது கவுன்சிலே அபராதம் போடலாம். 2017இல் அந்த அதிகாரம் வந்தபோது உச்சவரம்பு 30,000 பவுண்ட். ஓரிரவு தங்க வந்த விருந்தாளி இந்தக் கணக்கில் வரமாட்டார்.

இந்த விதியின் உண்மையான விளைவு வீட்டிலேயே மலிவான அறை காணாமற்போவதுதான். பாக்ஸ் ரூம் சாமான் அறையாகிறது, அதன் வாடகை மற்ற அறைகளின்மேல் ஏறுகிறது. சிலர் ஆறிலிருந்து நான்கு பேருக்கு இறங்கிக் கட்டாய லைசென்ஸிலிருந்தே வெளியேறுகிறார்கள். சிறிய பகிர்வு வீடுகளுக்கும் லைசென்ஸ் கேட்கும் ‘கூடுதல் லைசென்ஸ்’ திட்டம் அந்தப் பகுதியில் இல்லாவிட்டால், அங்கே 6.51 நிபந்தனை பொருந்தாது. சிறிய அறை வேண்டியவர் அத்தகைய வீட்டுக்குப் போகிறார், பாதுகாப்புக் கண்காணிப்பும் குறைகிறது. அறையின் வடிவத்தைப் பற்றி விதி எதுவும் சொல்லாததும் ஒரு குறையே. 1.50க்கு 4.40 என்று ரயில் பெட்டிபோல் ஓர் அறை 6.60 வந்து தேறிவிடும், கட்டிலைப் போட்டால் நடக்க இடமிருக்காது. நல்ல இன்ஸ்பெக்டர்கள் அங்கே கட்டில், அலமாரி, மேசை எங்கே வைப்பீர்கள் என்று வரைந்து காட்டச் சொல்வார்கள். குறுகிய அறை இருந்தால் அந்த வரைபடத்தையும் விண்ணப்பத்தோடு வைத்துவிடுங்கள்.